ஜோன் வெஸ்லியும் பன்னிருவர் வகுப்பும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு நிறைவைக் காணும் இவ்வேளையில், எந்த மனிதரின் பணியினால் எமது கல்லூரி போன்ற பாடசாலைகள் இம்மண்ணில் தோன்றினவோ, அவரைச் சற்று நினைத்துப் பார்ப்பது பொருத்தமானது. மெதடிஸ்த மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையில் படித்த நாம், ஜோன் வெஸ்லி என்ற பெயரைக் கேட்டே வளர்ந்தோம். அவர் குதிரையில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தவர் என்பதும், அவருடைய தம்பி சாள்ஸ் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுக்களை இயற்றியவர் என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் குருவாக அபிஷேகம் பெற்ற பின்பும் பல ஆண்டுகள் தமது விசுவாசம் உண்மையானதுதானா என்று அவர் தவித்தார் என்பதையோ, குளிர்ந்துபோயிருந்த ஒரு திருச்சபைக்கு அவர் எந்த வழியால் மீண்டும் சூடேற்றினார் என்பதையோ சிறுமிகளாக இருந்த காலத்தில் நாம் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. அவற்றை இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

குருமனையின் சமையலறை

ஜோன் வெஸ்லி 1703ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வேர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்க் குருவானவர். தாய் சூசன்னா பெற்ற பத்தொன்பது பிள்ளைகளுள் தப்பிப் பிழைத்தவர்கள் பத்துப் பேரே. 1709 பெப்ரவரியில் ஓர் இரவு குருமனை தீப்பற்றியது. ஐந்து வயது ஜோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டார். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோளின்மேல் இன்னொருவர் ஏறி நின்று, யன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கினார்கள். சற்று நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது. ஒரு நோக்கத்துக்காகவே இந்தப் பிள்ளை காப்பாற்றப்பட்டான் என்று தாய் உறுதியாக நம்பினார்.

சூசன்னாவைப் பற்றிப் பெண்கள் பாடசாலையில் படித்த நாம் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டிலேயே நாளுக்கு ஆறு மணிநேரம் பாடசாலை நடத்தித் தமது பிள்ளைகளுக்குத் தாமே கற்பித்தவர் அவர். நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையல் வேலைக்கு இருத்தக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனியாக அமர்ந்து, அதன் மனநிலையை விசாரிப்பார். ஜோனுக்குரிய நாள் வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமைகளைப் பெரியவரான பின்பும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1711ஆம் ஆண்டின் இறுதியில் சாமுவேல் சபை அலுவலாக இலண்டன் சென்று நெடுநாள் தங்கவேண்டியிருந்தது. அந்நாட்களில் மகள் எமிலியா தந்தையின் வாசிப்பறையிலிருந்து ஒரு நூலைத் தேடியெடுத்துத் தாயிடம் கொடுத்தார். அது எந்த நூல் என்பதை அறிந்தால் தமிழராகிய எமக்கு மெய்சிலிர்க்கும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழரிடையே பணிசெய்த சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் பணி பற்றிய செய்திகளே அதில் இருந்தன. தொலைதூரத் தமிழ்க் கரையில் இரண்டு இளைஞர்கள் இவ்வளவு செய்யும்போது, தம் கையருகில் உள்ளவர்களுக்காகத் தாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி சூசன்னாவைப் பற்றிக்கொண்டது. பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்குமாக ஞாயிறு மாலைகளில் சமையலறையில் நடத்திய ஜெபத்தை அவர் மேலும் ஊக்கத்துடன் நடத்தலானார். அயலவர் வந்தார்கள். சிறிது காலத்தில் இருநூறு பேருக்கு மேல் திரண்டு, நிற்க இடமில்லாமற் போயிற்று. உதவிக் குருவானவர் இதைக் குறைகூறி எழுதினார். பெண்ணொருத்தி இப்படிச் செய்வது தகுமா என்று கணவரும் தயங்கினார். ஆத்துமாக்களுக்கு நன்மை செய்யும் இந்த வாய்ப்பை நிறுத்தவேண்டுமானால் வெறும் விருப்பமாகக் கூறாமல் தெளிவான கட்டளையாகவே அனுப்புமாறும், அதற்கான பொறுப்பைக் கடவுள் முன் தாமே ஏற்குமாறும் சூசன்னா கணவருக்கு எழுதினார். கட்டளை வரவில்லை. சமையலறையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோனுக்கு அப்போது எட்டு வயது.

ஒழுங்கு இருந்தது, சமாதானம் இல்லை

ஒக்ஸ்போர்டில் கற்று 1725இல் உதவிக் குருவாகவும் 1728இல் குருவாகவும் அபிஷேகம் பெற்ற வெஸ்லி, லிங்கன் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிவுசெய்யப்பட்டார். தம்பி சாள்ஸ் தொடங்கிய சிறு மாணவர் குழுவுக்கு அவர் தலைவரானார். அவர்கள் குறித்த நேரத்தில் ஜெபித்தார்கள், வேதத்தை ஆராய்ந்தார்கள், உபவாசித்தார்கள், சிறைக் கைதிகளையும் வறியோரையும் சந்தித்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு முறையைக் கைக்கொண்டதால் மற்ற மாணவர்கள் கேலியாக மெதடிஸ்ட் என்று அழைத்தார்கள். அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

இத்தனை ஒழுங்கு இருந்தும் வெஸ்லியின் உள்ளத்தில் சமாதானம் இருக்கவில்லை. 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்கு மிஷனரியாகப் புறப்பட்டார். நடுக்கடலில் பெரும் புயல் வீசி, பாய் கிழிந்து, தண்ணீர் தளத்துக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொறேவிய சபையைச் சேர்ந்த ஜேர்மானியரோ தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் விசாரித்தபோது, தங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூட மரணத்துக்கு அஞ்சவில்லை என்று அறிந்தார். கற்றறிந்த குருவாகிய தம்மிடம் இல்லாத ஒன்று அந்தச் சாதாரண மனிதரிடம் இருந்ததை அவர் மறைக்காமல் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஜோர்ஜியாப் பணி தோல்வியில் முடிந்தது. மக்களிடம் அவர் கடுமையாக நடந்துகொண்டார். தாம் விரும்பிய இளம்பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்தை மறுத்தார். வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் அங்கிருந்து புறப்பட்டு நாடு திரும்பினார். மற்றவர்களை மனந்திருப்பச் சென்ற தாமே இன்னும் மனந்திரும்பவில்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது.

1738 மே 24ஆம் திகதி மாலை, இலண்டனின் ஓல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலே சென்றார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கையில், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் வெஸ்லியின் உள்ளத்தில் பிறந்தது. உள்ளத்தில் இதமான சூடொன்று பரவியதை உணர்ந்ததாக அவர் பதிவுசெய்தார். மூன்று நாட்களுக்கு முன்னரே சாள்ஸ் இதே அனுபவத்தைப் பெற்றிருந்தார். அந்தக் கோடைகாலத்திலேயே வெஸ்லி ஜேர்மனிக்குச் சென்று மொறேவியரின் ஹேர்ன்ஹூட் குடியிருப்பில் தங்கி, அவர்கள் சிறு குழுக்களாகக் கூடி ஒருவரையொருவர் தாங்கி வாழ்வதைக் கவனித்தார். தரங்கம்பாடிக்கு வருமுன் சீகன்பால்கு கல்வி கற்ற ஹாலே நகருக்கும் அப்பயணத்தில் சென்றார்.

ஆலயத்துக்கு வெளியே

அக்கால இங்கிலாந்தில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றிப் புதிதாகக் குடியேறிய தொழிலாளரை அவை சென்றடையவில்லை. பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்களிடம் வெளியிடத்தில் பிரசங்கித்துவந்த ஜோர்ஜ் விற்ஃபீல்ட், வெஸ்லியை உதவிக்கு அழைத்தார். எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்று எண்ணும் வெஸ்லிக்கு ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பதே அருவருப்பாக இருந்தது. ஆயினும் 1739 ஏப்ரல் 2ஆம் திகதி திறந்த வெளியில் நின்று பிரசங்கித்தார். அன்றிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பணி ஓயவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கே பிரசங்கித்து, பின் குதிரை ஏறுவார். அவர் வாழ்நாளில் பயணம் செய்த தூரம் ஏறத்தாழ 250,000 மைல்கள் என்றும், செய்த பிரசங்கங்கள் 40,000 என்றும் கணக்கிடுவர். பல இடங்களில் கல்லெறியும் பட்டார்.

வாரத்துக்கு ஒரு பென்னி

பிரசங்கம் கேட்டு மனம் இளகுவோர் பலர். இளகிய மனம் ஒரு மாதத்தில் மீண்டும் இறுகிவிடுவதையும் வெஸ்லி கண்டார். அதற்கு மருந்து ஒரு கடன் பிரச்சினையின் வழியாகக் கிடைத்தது.

பிரிஸ்டலில் கட்டிய கூடத்தின் கடனை அடைப்பது எப்படி என்று ஆலோசிக்க 1742 பெப்ரவரியில் சங்கத்தார் கூடினார்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபோய் என்ற கப்பல் தலைவர் யோசனை சொன்னார். அதற்கும் வழியில்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று மறுப்பு எழுந்தது. மிக வறியவர்களில் பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்களால் இயலாவிட்டால் அவர்களுக்காகத் தாமே கொடுப்பதாகவும் அவர் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே பதினொரு பேரைப் பொறுப்பேற்றார்கள்.

பென்னி சேர்க்க வீடு வீடாகச் சென்றவர்கள் திரும்பி வந்தபோது வேறு செய்திகளையும் கொண்டுவந்தார்கள். ஒருவர் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார். இன்னொரு வீட்டில் கணவன் மனைவிக்கிடையே சச்சரவு. தாம் நெடுநாளாகத் தேடிய வழி இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், வாரத்துக்கு ஒரு சந்திப்பு என்ற ஒழுங்கு எல்லா ஊர்களுக்கும் பரவியது. வகுப்பில் ஒவ்வொருவரிடமும் அந்த வாரம் அவர் ஆத்துமா எப்படி இருந்தது என்று கேட்கப்படும். சோதனையில் விழுந்தவர் அதை மறைக்கவேண்டியதில்லை. சுகவீனமுற்றவரை யாராவது சென்று பார்ப்பார்கள். வேலை இழந்தவரின் நிலையும் அன்றே தெரிந்துவிடும்.

சேர்வதற்கு அவர் கடினமான நிபந்தனை எதையும் வைக்கவில்லை. பாவத்திலிருந்து மீட்கப்பட விரும்பும் எவரும் சேரலாம். ஆனால் 1743இல் அவர் வெளியிட்ட பொது விதிகளின்படி, சேர்ந்தவர் தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மையெல்லாம் செய்தல், ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து ஆகியவற்றில் நிலைத்திருத்தல் என்ற மூன்றினாலும் அந்த விருப்பத்தைக் காட்டவேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் விசாரிக்கப்பட்டு அனுமதிச் சீட்டுப் பெறுவர். 1743இல் நியூகாசில் சங்கத்தை ஆராய்ந்தபோது 64 பேரை அவர் நீக்கினார். பதினேழு பேர் குடியின் காரணமாகவும், ஒருவர் மனைவியை அடித்ததன் காரணமாகவும் நீக்கப்பட்டவர்கள். மனைவியை அடிப்பது வீட்டுக்குள்ளே உள்ள விடயம் என்று உலகம் எண்ணிய காலத்தில், அது சபையின் விடயம் என்று எழுதிவைக்கப்பட்டதை நாம் கவனிக்கவேண்டும்.

வெஸ்லி புதிய சபையைத் தொடங்க விரும்பவில்லை. சாகும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். இருந்த சபைக்கு உள்ளேயே, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் சிறு கூட்டங்களை உண்டாக்கியதே அவர் செய்த புதுப்பிப்பு.

பெண்கள் எழுந்து நின்றார்கள்

வகுப்புகளை நடத்தக் குருமார் தேவைப்படவில்லை. தச்சரும் நெசவாளரும் பணிப்பெண்களும் தலைமை தாங்கினார்கள். குருப்பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்ஃபீல்ட் இலண்டனில் பிரசங்கிக்கிறார் என்று கேட்டு அதை நிறுத்த வெஸ்லி விரைந்து வந்தபோது, அவரைத் தடுத்தவர் தாய் சூசன்னா. அந்த இளைஞரின் பணியின் பலனை முதலில் ஆராய்ந்து பார்க்கும்படி அவர் மகனைக் கேட்டுக்கொண்டார். வெஸ்லி கேட்டுப் பார்த்து மனம் மாறினார். 1742இல் சூசன்னா மரித்தபோது, இந்தப் பொதுநிலைப் பிரசங்கிமார் வழியாக இயக்கம் பரவத் தொடங்கியிருந்தது.

1761இல் டார்பி நகரில் சாரா குறொஸ்பி முப்பது பேரை எதிர்பார்த்து வகுப்புக்குச் சென்றபோது இருநூறு பேரளவில் திரண்டிருந்தார்கள். தனித்தனியே பேச வழியில்லாததால் அவர் எழுந்து எல்லோரிடமும் பேசினார். பின் தாம் எல்லை மீறினேனோ என்று வெஸ்லிக்கு எழுதினார். மீறவில்லை என்று பதில் வந்தது. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மேரி பொசன்கெற் 1771இல் பெண்கள் பிரசங்கிப்பதற்காக வாதாடி எழுதியபோது, அவருக்குச் சிறப்பான அழைப்பு உண்டென்று வெஸ்லி ஏற்றுக்கொண்டார். வெஸ்லி இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில் மெதடிஸ்த மகாநாடு பெண்களின் பிரசங்கத்தைக் கட்டுப்படுத்தியது என்பதையும் சொல்லவேண்டும். பெற்ற இடத்தை மீண்டும் பெறப் பெண்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

மருந்தும் விசாரிப்பும்

வைத்தியத் தொழிலில் இருக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு வெஸ்லி இன்னொரு வகையிலும் உறவினர். ஏழைகள் வைத்தியரிடம் செல்ல வசதியின்றி இறப்பதைக் கண்டு, 1746இல் ஓர் அப்போதிக்கரியையும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரையும் துணைக்கு வைத்து இலவச மருந்தகம் தொடங்கினார். ஐந்து மாதங்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மருந்து பெற்றார்கள். மறுவருடம் எளிய மருத்துவ நூலொன்றை மலிவு விலையில் வெளியிட்டார். அதில் உள்ள சில மருந்துகளை இன்று நாம் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டோம். ஆனால் சுத்தம், அளவான உணவு, நடை, நித்திரை என்பவற்றைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் எமது மேசையில் நாம் தினமும் சொல்பவையே.

அவருடைய நாட்குறிப்பில் 1759ஆம் ஆண்டுக்குரிய ஒரு பதிவு எம்மை மிகவும் தொடுகிறது. ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஓயாத வயிற்று வலி. வைத்தியர்கள் மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தும் குணமில்லை. அவளிடம் விசாரித்தபோதுதான், இறந்துபோன மகனை நினைத்து அவள் உருகிக்கொண்டிருப்பது தெரியவந்தது. எவரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. இந்தப் பதிவை வாசிக்கும் எமது நாட்டு வைத்தியர் எவருக்கும் இங்குள்ள தாய்மாரின் முகங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. நெஞ்சு நோவு, தலைச்சுற்று, நித்திரையின்மை என்று வரும் அவர்களிடம், வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டபின்புதான் உண்மையான வருத்தம் வெளியே வருகிறது. வகுப்பில் வெஸ்லி ஏற்படுத்திய கேள்வியும் மருந்தகத்தில் அவர் வேண்டிய கேள்வியும் ஒன்றே.

சிறு தொழில் செய்வோருக்கு இருபது ஷில்லிங் வரை வட்டியின்றிக் கடன் கொடுத்து மூன்று மாதங்களில் திரும்பப் பெறும் நிதியொன்றையும் அவர் ஏற்படுத்தினார். 1774இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1785 ஜனவரியில், எண்பத்தொரு வயதில், வறியோருக்கு உடை வாங்குவதற்காக ஐந்து நாட்கள் இலண்டன் வீதிகளில் உருகிய பனிச்சேற்றில் கணுக்கால் புதைய நடந்து 200 பவுண் சேர்த்தார். அதனால் கடுமையாக நோயுற்றார்.

அவரும் குறையுள்ள மனிதரே. 1751இல் அவர் செய்த திருமணம் இருவருக்கும் துன்பமாகவே முடிந்தது. ஊராரின் ஆத்துமாவை விசாரித்தவர் தமது வீட்டில் அதைச் செய்ய இயலாதவராக இருந்தார். இதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் இல்லை.

1791 பெப்ரவரி 24இல் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். ஆறு நாட்களின் பின், மார்ச் 2ஆம் திகதி, எண்பத்தேழாவது வயதில் இலண்டனில் அமைதியாக இறந்தார். அப்போது பிரித்தானியாவில் மட்டும் எழுபதாயிரம் பேரளவில் அவருடைய சங்கங்களில் இருந்தார்கள்.

எமது கரைக்கு

வெஸ்லியின் உதவியாளராக இருந்த தோமஸ் கோக், முதிய வயதில் இலங்கைக்கு மிஷனரிமாரை அழைத்துவரப் புறப்பட்டார். தயங்கிய மகாநாட்டிடம் தமது சொந்தப் பணத்தையே தர முன்வந்தார். 1814 மே 3ஆம் திகதி இந்து சமுத்திரத்தில், கரையைக் காணாமலே மரித்தார். தலைவரை இழந்த இளைஞர்கள் ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். அவர்களுள் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கும் சென்றார்கள். ஓல்ற் ஓராண்டு நிறையுமுன்னரே அங்கு இறந்தார். எனினும் தொடங்கிய பாடசாலைகள் நிற்கவில்லை. தரங்கம்பாடியின் தமிழரைப் பற்றிய செய்தி ஒரு தாயின் சமையலறையில் மூட்டிய நெருப்பு, ஒரு நூற்றாண்டின் பின் தமிழரிடமே திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று எமக்கு

எமது சங்கத்தில் கிறிஸ்தவரும் உண்டு, சைவரும் உண்டு. யுத்தமும் இடப்பெயர்வும் எம்மைக் கொழும்புக்கும், இலண்டனுக்கும், ரொறன்ரோவுக்கும், மெல்பேணுக்கும் கொண்டுசென்றுவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை இராப்போசன விருந்தில் கூடுகிறோம், கல்லூரிக் கீதத்தைப் பாடுகிறோம், கட்டட நிதிக்குக் கொடுக்கிறோம். அவை நல்லவையே. பிரிஸ்டல் மக்களும் கட்டடக் கடனுக்காகவே பென்னி சேர்க்கப் புறப்பட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் சென்றபோது அவர்கள் கண்டது மனிதரை.

நூறாண்டு கடந்த எமது சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், உறுப்பினரைப் பன்னிரண்டு பேராகப் பகிர்ந்து, ஒவ்வொரு பன்னிருவருக்கும் ஒருவர் பொறுப்பாக இருந்தால் என்ன? கணவரை இழந்து தனித்திருக்கும் மூத்த அக்கா, இரவு வேலை செய்து பிள்ளை வளர்க்கும் தங்கை, விருந்துக்குப் பணமில்லாததால் வராமல் இருப்பவர், ஊரில் பராமரிக்க ஆளின்றி இருக்கும் எமது முன்னாள் ஆசிரியை ஆகியோரை வாரம் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்கும்வரை காத்திருப்பதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. கிறிஸ்தவராகிய நாம் அதை ஜெபத்தோடு செய்வோம். மற்றச் சகோதரிகள் தத்தம் விசுவாசத்தின்படி செய்வார்கள். வெஸ்லியின் பெயரால் தொடங்கிய கல்லூரியின் பிள்ளைகள் அவருக்குச் செலுத்தக்கூடிய நன்றி இதைவிட வேறில்லை.

எமது கல்லூரி அன்னைக்கும், உலகெங்கும் வாழும் அவள் புதல்வியருக்கும் இறைவனின் ஆசி என்றும் நிலைப்பதாக.